கண்ணாடி போட்ட தேவதை

ஷ்டைன்பாக்
திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, மதியம்

அன்புள்ள மகன் ஃபால்க்குக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் கை கால் நடமாட்டத்தோடு நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் ஹிமேனாவும் குழந்தை ராயேனும் காய்ச்சல், தலைவலி ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும், அதனால் இதைப் படித்த கையோடு நாலு வரியாவது எழுதிப் போடு. உன் கார்டு போன வாரம் வந்தது. சிலியில் செர்ரிப் பழம் வந்துவிட்டது, ராயேன் சட்டை முழுக்கக் கறை என்று எழுதியிருந்தாய். கறை பட்டதும் வெந்நீர் ஊற்றச் சொல், சோப்பை முதலில் போட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். இங்கே முழங்கால் அளவுக்குப் பனி. இந்தக் கடிதத்தில் அப்பா பேர் நிறைய வரும். அவர் பேர் வருகிற இடமெல்லாம் நீ தாண்டிப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், நான் பெற்ற பிள்ளை நீ. இந்த ஒரு தடவை மட்டும் தாண்டாதே.

போன பிப்ரவரி இரண்டாம் தேதி நடந்ததை நானும் மறக்கவில்லை. மெழுகுவர்த்தித் திருநாள், ஊர் முழுக்கச் சன்னல் விளக்கை எடுத்துப் பரணில் வைக்கிற நாள். கை இரண்டிலும் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கும் நம் சுரங்கக்காரர் பொம்மையை அப்பா பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார், கை இரண்டும் ஓய்வில்லாததால் போனை நான்தான் அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது. வீட்டில் ஒரு பையன் என்றால் சன்னலில் ஒரு சுரங்கக்காரர், ஒரு பெண் என்றால் ஒரு தேவதை, தெருவில் போகிறவர் அதை எண்ணிப் பார்த்தே இந்த வீட்டில் இத்தனை பிள்ளை என்று சொல்லிவிடுவார் என்று நீ ராயேனுக்குச் சொல்லியிருக்கிறாய். அவள் நம் வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் எனக்கும் ஒரு தேவதை வைப்பார்களா என்று கேட்டாளாம். நீ சிரித்துக்கொண்டேதான் அதைச் சொன்னாய். அப்பா சிரிக்கவில்லை, ஹிமேனாவோடு சேர்ந்து உன்னிடம் வந்த பிள்ளை என்பதுதான் அவர் புத்தியில் நின்றது. "சன்னல்ல வைக்கிறது இந்த வீட்டு ரத்தத்துக்கு. எவனுக்கோ பொறந்ததுக்கெல்லாம் நாங்க வைக்கிறதில்ல" என்றார். அந்தப் பக்கம் குழந்தை ஏதோ பாட்டு முணுமுணுக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் நீ போனை வைத்த சத்தம். பத்து மாதம் ஆகிறது. கோடை விடுமுறைக்கு மூன்று பேரும் வருகிறோம் என்று நீ சொல்லிக்கொண்டிருந்ததும் அன்றோடு நின்றுபோனது. கார்டில் 'அம்மாவுக்கு' என்று மட்டும் எழுதுகிறாய். தபால்காரர் வந்ததும் அப்பாதான் முதலில் போய் எடுப்பார், பேரைப் பார்ப்பார், மேஜையில் வைப்பார், கோழிக்குத் தீனி போடப் போய்விடுவார். கோழிக்குக் காலையிலேயே போட்டாயிற்று என்று நானும் சொல்லமாட்டேன்.

இப்போது வீட்டு விஷயம். இந்த வருஷம் சன்னல் துடைப்பதிலிருந்து எல்லாமே நான் ஒருத்தியாகத் தொடங்கினேன், ஏனென்றால் உன் அப்பா ஆளே கையில் சிக்கவில்லை. பரணிலிருந்து ஒன்பது பெட்டி. காகித நட்சத்திரத்துக்கு இருபத்தைந்து முனை, ஒவ்வொன்றையும் கூர் மடியாமல் பார்த்துப் பார்த்துக் கோர்க்க வேண்டும். வருஷா வருஷம் இருபதாவது முனையில் அப்பாவுக்கு முகம் சிவந்து, "இதைக் கண்டுபிடிச்சவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா" என்று கத்துவாரே, அந்தச் சத்தம் இல்லாமல் கோர்த்ததில் எனக்கே வீடு வெறிச்சென்று இருந்தது. சுழலும் மரக் கோபுரத்தை ஹாலில் வைத்தேன். அதன் உச்சிச் சக்கரத்தில் நீ எட்டு வயதில் உடைத்து, சொல்லாமல் மாவுப் பசை போட்டு ஒட்டி வைத்தாயே அந்த இறக்கை, அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மெழுகுவர்த்தி ஏற்றியதும் சூடு மேலே போய் கோபுரம் சுற்ற ஆரம்பிக்கும், அந்த ஒரு இறக்கை வரும்போது மட்டும் ஒரு திணறல் திணறிவிட்டுப் போகும். வேறு இறக்கை மாற்றலாம் என்று ஒவ்வொரு வருஷமும் அப்பா சொல்வார், நான் விடமாட்டேன். புகை விடும் மரப் பொம்மைக் கிழவர், உள்ளே சாம்பிராணிக் கூம்பு வைத்ததும் வாயால் புகைவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், உன் அப்பாவைவிட அவர் பேச்சுத் துணைக்குத் தேவலாம் என்று அவரிடமே சொன்னேன். காட்டிலிருந்து ஊசியிலைக் கிளை வெட்டிவந்து கதவில் கட்டினேன். என் கையால் நானே செய்தது என்று சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், வாசலில் நின்று பார்த்தபோது வீடு அவ்வளவு அழகு.

அப்பா எங்கே போனார் என்று கேட்பாய். அதைத்தான் நானும் கேட்டேன். வசந்தகாலத்திலிருந்தே வியாழக்கிழமை தோறும் மரம் கடைகிற ஹைனர் பட்டறைக்குப் போய்விடுவார். போய் என்ன செய்கிறீர்கள் என்றால், "சும்மா உக்காந்திருப்பேன், அவன் ரேடியோ வச்சிருக்கான்" என்பார். நம் வீட்டில் ரேடியோ இல்லையா என்றால் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வார். செப்டம்பரில் ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டியிருந்த ராயேன் படத்தைக் காணோம். அவள் பள்ளிக்கூடத்து முதல் நாளில் எடுத்தது, வட்டக் கண்ணாடி, இடப் பக்கக் கம்பி உடைந்து நீல பிளாஸ்திரி சுற்றியிருக்கும், அதோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். பெட்டிக்குப் பின்னால் விழுந்திருக்குமோ என்று இழுத்துப் பார்த்தேன், குப்பைக் கூடையைக் கிளறிப் பார்த்தேன். இல்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர், நான் எடுக்கவில்லை. ஃபால்க், உன்னிடம் மறைப்பதில் பிரயோஜனம் இல்லை, அந்த நாலு நாள் உன் அப்பாவை நான் வெறுத்தேன். ஒரு குழந்தையின் படம்கூட அவர் கண்ணில் படக் கூடாதா என்று நெஞ்சு கொதித்தது. வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் தூக்கிப் போட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். நாலு நாளும் உருளைக்கிழங்கு சூப் மட்டும்தான் வைத்தேன், உப்பில்லாமல். அவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டு எழுந்து போனார். ஐந்தாம் நாள் எனக்கே அலுத்துப்போய் வேறு சமைத்தேன். செப்டம்பர் கடைசியில் நான் போட்ட கடிதத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததை நீ கவனித்திருப்பாய்.

நேற்று சனிக்கிழமை. வழக்கம் போல ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கிறவரை தெருவில் ஒரு சன்னலிலும் வெளிச்சம் இல்லை. நான் சுரங்கக்காரரை எடுத்துச் சன்னலில் வலப் பக்கமாக வைத்தேன், அவர் எப்போதும் நிற்கிற இடம். அப்பா பின்னால் வந்து நின்று, "அவரைக் கொஞ்சம் நகர்த்தி வை" என்றார். ஏன் என்றேன். "நகர்த்துன்னா நகர்த்தேன். வெளியில போய் நில்லு, நான் ஏத்துறேன்" என்றார். நீ பிறந்ததிலிருந்து முப்பத்தொன்பது வருஷமாகச் சன்னல் விளக்கை நான்தான் ஏற்றியிருக்கிறேன், இவர் தொட்டதே இல்லை. சண்டை போட நேரமில்லை, மணி ஆகப்போகிறது, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். தெருவே வெளியில் நின்றது. எதிர்வீட்டுக் கிறிஸ்டெல் பெரிய பாத்திரத்தில் சூடாகப் பழரசம் கலக்கி வைத்து எல்லாருக்கும் குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இருட்டு, பனி, எல்லார் வாயிலும் ஆவி. மணி அடித்தது. கீழ்முனையில் பேக்கரி வீட்டில் முதல் சன்னல், அடுத்து தபால்காரர் வீடு, அடுத்து ஹைனர் வீடு, அப்படியே ஒவ்வொரு சன்னலாக மேலே ஏறி வந்தது வெளிச்சம். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், இன்னும் அந்த ஐந்து நிமிஷம் என் கண் கலங்காமல் போனதில்லை. சுரங்கத்தில் இறங்கியவர்கள் காலை இருட்டில் போய் மாலை இருட்டில் ஏறி வருவார்கள், வழி தெரியட்டும் என்று வைத்த விளக்கு இது, உன் அப்பாவுக்கும் நான் முப்பது குளிர்காலம் அப்படித்தான் வைத்தேன்.

நம் வீட்டுச் சன்னல் கடைசியாகத்தான் எரிந்தது. முதலில் சுரங்கக்காரரின் இரண்டு மெழுகுவர்த்தி. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சுடர் மெல்லத் தலை தூக்கியது. வெள்ளை உடுப்பு, இறக்கை, கிரீடம். ஒரு தேவதை. எனக்கு முதலில் தோன்றியது, இந்த மனுஷன் யாருக்கோ ஹைனர் செய்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து தப்பாக வைத்துவிட்டார் என்றுதான். இந்தத் தப்பு நம் தெருவில் நடக்காததா? ஹைனர் ஒருமுறை வர்ணம் காயட்டும் என்று ஒரு தேவதையைத் தன் சன்னலில் வைத்துவிட்டு மறந்துபோக, மறுநாள் காலை அவர் வாசற்படியில் ஆறு ஜோடி குழந்தைக் காலுறை இருந்ததே, நினைவிருக்கிறதா? அவர் மனைவிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கிறிஸ்டெல் இருக்கிறாளே, எதையும் எண்ணாமல் விடமாட்டாள், குவளையைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்டி ரோஸ்வித்தா, உனக்கு ஒரே பையன்தானே? இந்தப் பொண்ணை எப்போடி பெத்த, எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லல?" என்றாள். தெரு முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. உள்ளே போய் அணைத்துவிடலாம் என்று பனியில் வேகமாக நடந்து சன்னல் கிட்டே போனேன்.

கிட்டே போனதும் பார்த்தேன். தேவதை கண்ணாடி போட்டிருந்தாள். மெல்லிய செப்புக் கம்பியை வட்டமாக வளைத்து, காதோரம் இரண்டு கம்பி நீட்டி, என் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு கண்ணாடி. இடப் பக்கக் கம்பியில் ஒரு பொட்டு நீல வர்ணம். பிளாஸ்திரி, ஃபால்க். படத்தில் இருக்கிற அந்த நீல பிளாஸ்திரி. நான் சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நாலு நாள் உப்பில்லாத சூப் வைத்தது ஒவ்வொரு கரண்டியாக நினைவுக்கு வந்தது.

அதற்குள் அப்பா வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி வந்துவிட்டார். கிறிஸ்டெல் விடவில்லை. "சீக்மார், என்னய்யா இது, தேவதைக்குக் கண்ணாடியா? மேல சொர்க்கத்துல கண் டாக்டரு இருக்காரா?" என்றாள். அப்பா சன்னலைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்குத் தூரத்துல இருக்கிறது சரியாத் தெரியாது. கண்ணாடி இல்லாம அவ்வளவு தொலைவுலேர்ந்து எங்க வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பா?" என்றார். "யாரு அவ?" என்றாள் கிறிஸ்டெல். அப்பா திரும்பினார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஃபால்க்கோட பொண்ணு. பேரு ராயேன். எங்க வீட்டுப் பிள்ளை" என்றார். அவர் குரல் எப்படி என்று உனக்குத் தெரியும், கோழியைக் கூப்பிட்டாலே பேக்கரி வரைக்கும் கேட்கும். கீழ்முனையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. கிறிஸ்டெல் மட்டும் இரண்டு குவளை நிறைய ஊற்றிக்கொண்டு வந்து எங்கள் கையில் கொடுத்து, "அப்போ இது ரெண்டு பிள்ளைக்குக் குடிக்க வேண்டியதாச்சே" என்றாள்.

மீதியை ஹைனர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மார்ச் மாதமே அப்பா பட்டறைக்குப் போய், ஒரு தேவதை வேண்டும், கடைந்து கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். உனக்கு அவர் விரல்களைத் தெரியுமே. சுரங்கத்தில் துளை போடுகிற இயந்திரத்தைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போன விரல்கள், குளிர் வந்தால் வெள்ளையாகிவிடும், காலர் பட்டனை இன்றைக்கும் நான்தான் போட்டுவிடுகிறேன். அந்த விரலை வைத்துக்கொண்டு தூரிகை பிடித்திருக்கிறார். முதல் தேவதைக்கு ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் வந்துவிட்டது. இரண்டாவது, ஹைனர் சொல்கிறார், கிறிஸ்டெல் மாதிரி இருந்ததாம். அப்புறம்தான் படம் இல்லாமல் ஆகாது என்று குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கண்ணாடி மட்டும் பதினோரு தடவை வளைத்தாராம், கம்பி உடைந்துகொண்டே இருந்ததாம். ஹைனர் பார்க்கப் பொறுக்காமல், "குடுய்யா, நான் ஒரு நிமிஷத்துல பண்ணித் தர்றேன்" என்று கேட்டிருக்கிறார். "வேணாம். அந்த வார்த்தையை நீயா சொன்ன? சொன்னவன் நான், வளைக்க வேண்டியவனும் நான்" என்றாராம் உன் அப்பா. நாற்பத்தாறு வருஷம் இவரோடு வாழ்கிறேன், நல்ல மனுஷன் என்று சொல்வேன், பிடிவாதக்காரர் என்றும் சொல்வேன், ஆனால் நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அந்த மரத்த விரல்களைப் பார்த்தபோது எனக்கு வந்தது பெருமை. போனில் மூன்று பேருக்குக் கேட்கச் சொன்னதை அவர் முந்நூறு பேருக்குக் கேட்கத் திருப்பி எடுத்திருக்கிறார். என்னிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. செப்டம்பருக்கு அப்புறம் நேற்றுதான் மறுபடி அந்தச் சூப் வைத்தேன், "சூப்புல இன்னிக்கு உப்பு இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அப்போதே எல்லாம் தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்காமல் குடித்திருக்கிறார்.

நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. அவர் சொன்னது சின்ன வார்த்தை இல்லை, பட்டது நீ, கோபம் உன்னுடையது. என் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். இன்று காலை எழுந்து பார்த்தால் அவர் சன்னல் கிட்டே நின்று தேவதையை ஒரு விரல் இடத்துக்குச் சுரங்கக்காரர் பக்கமாக நகர்த்திக்கொண்டிருக்கிறார். ஏன் என்றேன். "தள்ளி நின்னா பிள்ளைக்குப் புது எடம் மாதிரி இருக்கும்" என்கிறார். மரத்துக்குப் புது இடம் என்ன, பழைய இடம் என்ன என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால் நம் வாசற்படியில் ஒரு பொட்டலம், கிறிஸ்டெல் பின்னியது, சிவப்புக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, ஏழு வயதுக் குழந்தை அளவுக்கு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பின்னியிருப்பாள், அவளுக்கு வாய் எவ்வளவு நீளமோ மனசும் அவ்வளவு. அதை நான் தபாலில் அனுப்பப்போவதில்லை. உங்களுக்கு அங்கே வெயில் காலம், கம்பளிக் காலுறை எதற்கு? இங்கே அலமாரியில் இருக்கட்டும், போட்டுக்கொள்ள வேண்டிய கால் இங்கே வரட்டும். பழரொட்டி ஆறு செய்து துணியில் சுற்றி நிலவறையில் வைத்திருக்கிறேன், ஒன்றை உங்களுக்காக வெட்டாமல் வைக்கிறேன், அது ஜனவரி கடைசி வரைக்கும் தாங்கும். கிறிஸ்துமஸ் ராத்திரி ஒன்பது வகைச் சாப்பாட்டுக்கு மேஜையில் எப்போதும் ஒரு தட்டு கூடுதலாக வைப்போம் அல்லவா, இந்த வருஷம் எத்தனை வைக்கட்டும் என்று அப்பா கேட்கிறார். மொத்தம் ஐந்து என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தட்டு போதுமா என்று இப்போதே எண்ணப் போய்விட்டார்.

ஹிமேனாவிடம் சொல், அவளுக்குத் தெரியாத மொழியில் நான் அவளை நிறைய நினைக்கிறேன் என்று. நீ வண்டி ஓட்டும்போது தூங்கி வழியாதே, மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கில் உட்காராதே. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி இல்லாமல் காக்கட்டும், உன் வீட்டிலும் வெளிச்சம் நிறையட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வை: ராயேன் பள்ளிக்கூடம் பிப்ரவரி முடியும்வரை விடுமுறை, நம் சன்னலில் விளக்கு பிப்ரவரி இரண்டு வரை எரியும்.

உங்கள் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா
ரோஸ்வித்தா

கவரை ஒட்டப் போனேன், அப்பா வாங்கிக்கொண்டு இந்தப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடு என்கிறார். இனி வருகிற கோணல் எழுத்து அவருடையது.

ஃபால்க், அந்தப் படம் போன வருஷத்தது. பிள்ளை இதற்குள் வேறு கண்ணாடி மாற்றியிருப்பாள். என்ன நிறம் என்று எழுத வேண்டாம், அவளே வந்து சொல்லட்டும். கம்பியும் வர்ணமும் எடுத்து வைத்திருக்கிறேன்.
— தாத்தா